தூங்குறதுக்கா பொறந்தோம்

அண்ணா,

பக்கத்துக் காட்டில் தண்ணீருக்காகப் போர் போடுகிறார்கள். காலையிலிருந்து கம்ப்ரஸர் கத்திக்கொண்டே இருக்கிறது. கொடியில் காயப்போட்ட துணியிலெல்லாம் கல்மாவு படிந்துவிட்டது. அத்தனையையும் இன்னொரு தடவை அலச வேண்டுமே என்ற எரிச்சலில் ஒரு சட்டையை உருவி உதறினேன். உதறியதும் அந்த வாசனை வந்தது. உடைந்த பாறையும் ஈரமும் டீசலும் கலந்த வாசனை. போர் போடும் ரிக் வண்டி வேலையிலிருந்து நீ ஊருக்கு வந்து பையைத் திறந்தால் வீடு முழுக்க நிறையுமே, அதேதான். சட்டையைக் கொடியிலேயே போட்டுவிட்டு நோட்டைத் தேடி எடுத்தேன்.

நீ இருந்தவரை உன்னை ‘நீ’ என்று சொன்னதே இல்லை. ‘வாங்ணா’, ‘சாப்புடுங்ணா’தான். நம் பக்கத்தில் எருமையைக்கூட மரியாதை கொடுத்துத்தான் விரட்டுவார்கள் என்று நீயே கிண்டல் செய்வாய். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘நீங்கள்’ வரமாட்டேன் என்கிறது. வராவிட்டால் போகட்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உன்னிடம் கேட்காமல், கேட்கவும் வழியில்லாமல், உன்னைப் பற்றிச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். என் மகளுக்காகச் சொன்னேன். சொன்னது சரிதான் என்று காலையில் தோன்றுகிறது. பொழுது சாய்ந்தால் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல் இருக்கிறது. இரண்டில் எது உண்மை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

வடக்கே மழை பிடித்துப் போர் வேலை நின்றதும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும் இல்லையா. வண்டி வந்த மறுநாள் நம் ஊரில் பாதி ஆண்கள் குப்புறப் படுத்துத் தூங்குவார்கள். நீ மட்டும் தூங்கமாட்டாய். வந்த கையோடு கிணற்று மோட்டாரைக் கழற்றுவாய். அதைப் பாதியில் போட்டுவிட்டுத் தென்னைக்குப் பாத்தி வெட்டுவாய். அதையும் விட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு கலக்குவாய். “சித்த படு சாமி” என்று அம்மா கெஞ்சினால், “தூங்குறதுக்கா பொறந்தோம்?” என்று சிரிப்பாய். அப்பா அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ப் பெருமையடிப்பார். “என்ற பையன் கண்ணே மூடாம போர்க் குழியில ராடு எறக்குவானுங்க. வண்டி ஓனருங்க எம்பட ஊட்டு வாசல்ல நிக்கறாங்க, பாருங்க.” ரிக் தொழில் நடக்கும் ஊரில் தூங்காதவனுக்கு இருந்த மதிப்பு வேறு யாருக்கு இருந்தது?

கொய்யாப்பழக்காரர் நினைவிருக்கிறதா? தள்ளுவண்டியில் இருந்த பழம் மொத்தத்தையும் வாங்கினாய். வாங்கிய வேகத்தில் வண்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டாய். அந்த மனிதர் பின்னாலேயே ஓடிவந்தார். “பழம் உங்குளுதுங்க, வண்டி என்னுதுங்க!” ஊரே சிரித்தது. அன்று மதியம் எல்லாக் குழந்தைகள் கையிலும் கொய்யா. நான் என் கல்லூரித் தோழிகளிடம் ‘எங்கண்ணன்’ என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பிறகு ஒருநாள் நீ சுவரைப் பார்த்துப் படுப்பாய். கூப்பிட்டால் திரும்பமாட்டாய். தட்டில் வைத்த சோறு காய்ந்துபோகும். தாடி வளரும். “ரிக் அலுப்பு. தானா எந்திரிப்பான்” என்பார் அப்பா. நீயும் ஒருநாள் எழுந்துவிடுவாய். வேகமாக இருந்தால் ரிக் உடம்பு, விழுந்து கிடந்தால் ரிக் அலுப்பு. எல்லாக் கேள்விக்கும் எங்களிடம் ஒரே பதில் இருந்தது. வேறு வேலை பார்க்கும் வீட்டில் பிறந்திருந்தால் யாராவது பயந்திருப்பார்களோ என்னவோ.

கடைசித் தடவை, நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காடு குத்தகைக்கு எடுக்கப் போகிறேன், அப்படியே எல்லாக் காட்டையும் எடுக்கப் போகிறேன் என்று விடிந்தும் விடியாமலும் பைக்கை முறுக்கிக்கொண்டு போனாய். வழியில் லாரியில் மோதி, வீட்டுக்கு உன் உடம்புதான் வந்தது. லாரிக்காரர் மேல் தப்பில்லை என்றார்கள். விதி என்றார் அப்பா. அதற்கு முன் எத்தனை நாளாக நீ தூங்கவில்லை என்று யாரும் பேசவில்லை. பேச அதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். தர்ஷினி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. நான் வாக்கப்பட்ட எருமப்பட்டியில் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது என்பதுதான் உனக்குத் தெரியுமே. போன பங்குனியில் ஒருநாள் அவளைக் காணோம் என்று தேடினால் பண்ணைக் கொட்டகையின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பழைய சிமெண்ட் ஷீட்டு. “எறங்கு சாமி” என்று நான் கத்த, அவள் மேலிருந்து சிரித்தாள். “நான் உழ மாட்டேம்மா. எனக்கு உழவே தெரியாது” என்றாள். பண்ணையாட்கள் ஏணி வைத்து இறக்கினார்கள். இறக்கியவரின் கையைக் கடித்துவிட்டாள்.

அதைச் சேட்டை என்றே எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் என்றால் சேட்டை இல்லாமலா? ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் நாலு வார்த்தை பேசுவதற்குள் நாற்பது வார்த்தை முந்திக்கொண்டு வந்தது. பென்சில் டப்பா, வாட்டர் பாட்டில், புது ஷூ எல்லாவற்றையும் வகுப்பில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தாள். டீச்சருக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை, நாளையிலிருந்து நானே நடத்துகிறேன் என்றாள். கோழி கூவுமுன் எழுந்து வாசலில் குதித்துக்கொண்டிருப்பாள். படுத்தாளா என்று கேட்டால் “எனக்குத் தூக்கமே வேண்டாம்மா” என்பாள். சோர்வு என்று பேருக்குக்கூட முகத்தில் இருக்காது. அதுதான் என்னை உறுத்தியது. மற்றக் குழந்தைகள் தூங்காவிட்டால் மறுநாள் சிணுங்கும். இவள் பறந்தாள்.

பள்ளியில் “ஹைப்பருங்க மேடம், செல்போன் குடுக்காதீங்க” என்றார்கள். என் மாமியார் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். என் வீட்டுக்காரர் “நானும் சின்னதுல இப்படித்தான்” என்றார். அவரா? நின்ற இடத்தில் நின்றுகொண்டே தூங்குகிற மனிதர் அவர்.

பிறகு இறங்கியது. எழுப்பினால் எழவில்லை. பிடித்த தக்காளிச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று கேட்டால் தெரியாது என்றாள். தலை பின்னிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலேயே, “அம்மா, நான் இல்லாட்டி நீங்கெல்லாம் நிம்மதியா இருப்பீங்களா?” என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை அண்ணா. வாரி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திரும்பலை நான் முன்பே பார்த்திருந்தேன். உன் பெயரை மனசு சொல்ல வந்தது, நான்தான் சொல்லவிடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தேன். “கோழி ரெண்டு நேரம் தீனி எடுக்கலைன்னா டாக்டருக்குப் போன் போட்டு, ரத்தம் எடுத்து, ஊரையே கூட்டறீங்கல்ல? இவ உங்க பொண்ணுங்க” என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். நாமக்கல்லில் குழந்தை டாக்டர் தைராய்டு அது இது என்று ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, சேலத்தில் குழந்தைகளுக்கான மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்.

‘மனநலம்’ என்ற சொல் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் வீட்டில் பிரளயம். “பொட்டப்புள்ளையப் பைத்தியக்கார ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா? நாளைக்கு யாரு கட்டுவா?” என்றார் மாமியார். கடைசியில் எப்போதும் செய்வதையே செய்தார். குலதெய்வத்திடம் பூ கேட்டுவிடலாம் என்றார்.

போர் போடவும் பொண்ணு பார்க்கவும் பூ கேட்கிறவர்கள் நாம். ஆஸ்பத்திரிக்குக் கேட்பது எனக்கே புதிதாக இருந்தது. பூசாரி வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சேலம், சிவப்பு வந்தால் வேண்டாம். நான் கண்ணை மூடவே இல்லை. சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று எனக்குள் ஒரு முடிவும் இல்லை. சாமியை மீறிப் போகத் தைரியம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. மகளைக் கூட்டிப்போகாமல் இருக்கத் தைரியம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

பொட்டலத்தைக் குழந்தை கையால்தானே எடுக்கச் சொல்வார்கள்? அங்கிருந்த குழந்தை தர்ஷினிதான். அவள் அப்போது மறுபடியும் மேலே ஏறிக்கொண்டிருந்த நேரம். “ஒண்ணு எடு சாமி” என்றார் பூசாரி. இவள் இரண்டையும் அள்ளினாள். பிரித்து, இரண்டு பூவையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடினாள்.

பூசாரி பூசைமணியைக் கீழே வைத்துவிட்டு, “என்ற சர்வீஸ்ல இப்படி ஆனதில்லீங்களே” என்றார். மறுபடி கேட்கலாமா என்றால், ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றார். எல்லோரும் என் மாமியாரைப் பார்த்தோம். அவர் ஓடுகிற பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து பூ உதிர உதிர ஓடுகிறாள், நிற்கச் சொன்னால் நிற்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். “ரெண்டும் வந்துருச்சு. இங்கயும் வரோணும், அங்கயும் போகோணும்னு அர்த்தம். போலாம் கெளம்பு” என்றார். சாமி சொன்னதா, மாமியார் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

சேலத்து டாக்டர் ஒரு அம்மா. மேசை மேல் கலர் பென்சில் வைத்திருந்தார். தர்ஷினியோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் படம் வரைந்தார். பிறகு எங்களிடம் கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் எத்தனை நாள் நிற்கிறது, மேலே இருக்கும்போதும் கீழே விழும்போதும் நடுவில் சாதாரணமாக இருக்கிறாளா. கூரை மேல் ஏறியதைவிடத் தூக்கமே வேண்டாம் என்றதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ‘நான் இல்லாட்டி’ என்றதைச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டார். “இனிமே அப்படிச் சொன்னா அதட்டாதீங்க, பேச்சையும் மாத்தாதீங்க. கூடவே இருங்க. அன்னிக்கே கூட்டிட்டு வாங்க” என்றார்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. “ரெண்டு பக்கத்துலயும் சொந்தத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?”

“எங்கூட்ல அப்படி யாருமில்லீங்க” என்றார் மாமியார் உடனே. டாக்டர் தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

என் வாயில் நீ நின்றாய். கொய்யா வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றாய். என் கல்யாணத்தில் பட்டுவேட்டியோடு மேளக்காரரிடம் தவிலை வாங்கி அடித்தாயே, அப்படி நின்றாய். நீ எனக்கு நோயாளியாக ஒருநாளும் இருந்ததில்லை. உன்னை அங்கே எப்படி வைப்பேன்? பக்கத்தில் மாமியார். சொன்னால் ‘உங்க ஊட்டு ரத்தம்’ என்ற சொல் வாழ்நாள் முழுக்க என் தட்டில் விழும். உள்ளே விளையாட்டு மூலையில் தர்ஷினி ஒரு பொம்மையைப் பிடித்து “தூங்காத, தூங்காத” என்று உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கண்ணன் இருந்தாருங்க” என்றேன்.

சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. சுண்ணாம்பு, பாத்தி, சுவர், தாடி, மஞ்சள் காடு எல்லாம் வந்தது. மருத்துவம் பார்த்தீர்களா என்று கேட்டார். “இல்லீங்க. ரிக் வண்டிங்க. அந்த வேலைக்கு அப்படித்தான்னு இருந்துட்டோம்” என்றேன்.

“பைபோலார்னு ஒண்ணு இருக்கு. மனசு ரொம்ப மேல போகும், ரொம்பக் கீழ வரும். இந்த வயசுல அதுதான்னு அடிச்சுச் சொல்ல எனக்கே தயக்கம். பார்த்துட்டே இருக்கணும். பேர் வைக்க அவசரப்பட வேண்டாம், பார்க்காம விடவும் கூடாது” என்றார். பிறகு சொன்னார்: “அண்ணனைப் பத்திச் சொன்னது நல்லதாப் போச்சும்மா. அழறா, சாப்பிடறதில்லைன்னு மட்டும் கேட்டிருந்தா வெறும் மனச்சோர்வுன்னு நெனச்சு அதுக்கான மாத்திரைக்குப் போயிருப்பேன். சில குழந்தைகளை அது இன்னும் மேல தூக்கிவிட்டுடும்.”

நீ நோயாளி என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பார்க்காத ஒருவரைப் பற்றித் தான் எதுவும் சொல்லக்கூடாது என்றார். எனக்கு அது ஆறுதலா ஏமாற்றமா என்று இதுவரை தெரியவில்லை.

பஸ் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியதும் மாமியார் என் பக்கம் திரும்பினார். “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லையா?” என்றார். எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்வது என்றேன். “தெரியாதுன்னா சொல்ற?” என்றார். பிறகு வெகுதூரம் கழித்து, “மேளத்த வாங்கி அடிச்சானே, அந்தப் பையனா?” என்றார். ஆமாங்க என்றேன். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, “இத வெளிய சொல்லிட்டுத் திரியாத” என்றார். கோபமா, துக்கமா, பயமா? மூன்றும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுப்பது இப்போது அவர்தான். என்னைக் கிட்டேயே விடுவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். பள்ளியில் ஒரு டீச்சருக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். சில நாள் நன்றாக இருக்கிறாள். சில நாள் கோபம். அவள் சிரித்தால் நான் சிரிப்பைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்கிறேன். இது வெறும் சிரிப்பா, ஏறுகிற சிரிப்பா? பிள்ளை சிரித்தால் பயப்படுகிற தாயை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? நேற்றுத் தன் மிட்டாயைத் தம்பி முறைப் பையனுக்குக் கொடுத்தாள். கொடுக்கட்டும் என்று சந்தோஷப்படுவதா, ஆரம்பித்துவிட்டதா என்று அஞ்சுவதா தெரியாமல் தவித்தேன்.

அதே தவிப்புதான் உன்னிடமும். கொய்யாப்பழம் கொடுத்தது நீயா, அதுவா? தவில் அடித்தது? எனக்குக் காதில் தோடு போட்டு அழகு பார்த்தது? எல்லாவற்றையும் நோயிடம் கொடுத்துவிட்டால் எனக்கென்று எந்த அண்ணன் மிஞ்சுவான்? டாக்டரிடம் இதையும் ஒருநாள் கேட்டேன். “ரெண்டையும் பிரிச்சு எடுக்க முடியாதும்மா. அவர் நல்லவரா இருந்ததால கொடுத்தார். தூங்காததால வண்டியையும் சேர்த்துத் தள்ளிட்டுப் போனார். அப்படி வெச்சுக்கங்களேன்” என்றார். அப்படித்தான் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.

உன் படம் கூடத்தில் இருக்கிறது. முந்தாநாள் தர்ஷினி அதைப் பார்த்துக்கொண்டே, “மாமாவுக்கும் என்னாட்டம் வேகம் வருமாம்மா?” என்று கேட்டாள். எங்கே கேட்டாளோ. வரும் என்றேன். “மாமாகிட்ட டாக்டர் படம் வரையச் சொன்னாங்களா?” என்றாள். இல்லை என்றேன். “பாவம் மாமா” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காட்டில் கூச்சல். தண்ணீர் வந்துவிட்டது போலிருக்கிறது. நம் ஊராக இருந்தால் நீதான் முதலில் ஓடிப்போய் அந்தச் சேற்றுத் தண்ணீரில் நனைந்திருப்பாய். இவளும் ஓடியிருப்பாளே என்று பதறிப்போய் உள்ளே பார்த்தேன். காலையெல்லாம் ரிக்கை வேடிக்கை பார்த்துவிட்டுச் சாப்பிட்டவள், பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வாயைக் கொஞ்சம் திறந்து, புருவமெல்லாம் கல்மாவோடு, கம்ப்ரஸர் அத்தனை சத்தம் போட்டும் அசையாமல் தூங்குகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைப் பார்த்தேன். இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். நாளைக்குத் தெரியாது.

தினமும் காலையில் அவள் எழுந்ததும் நான் கேட்பது ஒன்றுதான். “தூங்குனியா சாமி?” அவளும் சலித்துக்கொண்டே பதில் சொல்வாள். நம் வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் சாப்டீங்களா, சாப்டீங்களா என்று துளைத்தெடுப்போம். நீ சோறு தின்றாயா என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்டோம். இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அந்தக் கேள்வியை இப்போது எங்கே போனாலும் கூடவே கொண்டு திரிகிறேன். அவளிடம் கேட்டு முடித்ததும் கூடத்தில் உன் படத்தைத் தாண்டும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, உன்னையும் கேட்கிறேன்.

தூங்குனீங்களாங்ணா?